மூன்று இலட்சத்துக்குக் கையடக்க கேம் கருவி: வாங்கலாமா, பொறுக்கலாமா?

நின்டெண்டோ சுவிட்ச் 2, 2025 யூன் 5இல் 449.99 டொலருக்கு வந்தது. அசூஸும் மைக்ரோசொஃப்ட்டும் சேர்ந்து செய்த ஆர்.ஓ.ஜி. எக்ஸ்பொக்ஸ் அலாய் எக்ஸ், அதே ஆண்டு ஒக்டோபர் 16இல் 999.99 டொலருக்கு வந்தது. கையில் பிடித்து விளையாடும் ஒரு பெட்டிக்கு ஆயிரம் டொலரா என்ற வாதம் அன்று தொடங்கியது, இன்னும் ஓயவில்லை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சிப்பின் பெயரைப் பார்த்து இந்தக் கருவிகளுக்குக் காசு கொடுக்க வேண்டாம். பற்றரி எத்தனை வாட் அவர் (அது சேர்த்து வைக்கும் மின்சாரத்தின் அளவு), கேமை எப்படி இறக்கப் போகிறீர்கள், பழுதானால் யாரிடம் கொடுப்பீர்கள், இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு விலையைப் பாருங்கள்.

அலாய் எக்ஸ் இங்கே என்ன விலைக்கு வரும்? கனடாவில் இருக்கும் அண்ணா தையில் வருகிறார். அவரிடம் சொல்லி விடுவதா, கொழும்பில் வாங்குவதா?
— வாசகர், கிளிநொச்சி

டொலரை 300 ரூபாயாக வைத்தால் 999.99 டொலர் ஏறத்தாழ 3 இலட்சம். இறக்குமதியில் அதன்மேல் 18 வீத வற் வரியும் சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரியும் ஏறும். பிறகு விமானக் கூலி, கடைக்காரரின் இலாபம். கொழும்பில் 4 இலட்சத்தை ஒட்டி விலை கேட்டால் அதற்குக் கணக்கு இருக்கிறது. 3 இலட்சத்துக்கும் குறைவாக ‘பெட்டி பிரிக்காதது’ என்று யாராவது தந்தால், அது 2025இல் 599.99 டொலருக்கு வந்த சாதாரண எக்ஸ்பொக்ஸ் அலாயா என்று பாருங்கள். இரண்டின் உருவமும் ஒன்று. சாதாரணமானது வெள்ளை நிறம், 16 ஜீ.பி. நினைவகம், 512 ஜீ.பி. சேமிப்பு, 60 வாட் அவர் பற்றரி. ‘எக்ஸ்’ கறுப்பு நிறம், 24 ஜீ.பி., 1 ரி.பி., 80 வாட் அவர். உள்ளே இருக்கும் சிப்பும் வேறு வேறு.

அண்ணா கொண்டு வந்தால் விலையில் மிச்சம் வரும். ஆனால் உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். பழுதானால் கருவியைத் திரும்பக் கனடாவுக்கு அனுப்ப வேண்டி வரும், லித்தியம் பற்றரி உள்ள பொருளைத் தபாலில் அனுப்புவது லேசான காரியமல்ல. அதனால் அண்ணாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: அங்கேயே பெட்டியைப் பிரித்து ஒரு வாரம் விளையாடிப் பார்க்கட்டும். திரையில் செத்த புள்ளி, தானாக அசையும் ஸ்டிக், கடகடக்கும் ஃபான் எல்லாம் அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும், அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். வரும்போது கைப்பையில் கொண்டு வரட்டும். 100 வாட் அவருக்குக் குறைந்த பற்றரி என்பதால் விமானத்துக்குள் தடை இல்லை. பற்றுச்சீட்டும் கையில் இருக்க வேண்டும், சுங்கத்தில் கேட்டால் காட்டலாம்.

சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும், எனவே மின்மாற்றி தேவையில்லை. கனடா பிளக்கின் தட்டைக் கால்கள் மட்டும் நம் சொக்கெட்டில் போகாது. ஐம்பது ரூபாய் அடாப்டரில் அது தளதளவென்று ஆடி, பொறி பறக்கும். 13 அம்பியர் பிளக் உள்ள 65 வாட் பி.டி. (டைப்-சி வேகச் சார்ஜ்) சார்ஜர் ஒன்றை இங்கேயே நல்ல கடையில் வாங்குவது மேல்.

எக்ஸ்பொக்ஸ் என்று பெயர் இருப்பதால் எங்கள் வீட்டிலுள்ள எக்ஸ்பொக்ஸ் கேம்கள் இதில் ஓடும்தானே?
— வாசகர், புதுக்குடியிருப்பு

ஓடாது. அது விண்டோஸ் 11 உள்ள ஒரு கணினி. டிஸ்க் போட இடமில்லை, எக்ஸ்பொக்ஸ் பெட்டிக்கென்று செய்த கேமை நேரடியாக ஓட்டவும் மாட்டாது. ‘பிளே எனிவெயர்’ முத்திரையுள்ள கேம்களை டிஜிட்டலாக வாங்கியிருந்தால் மட்டும் கணினிப் பதிப்பு சேர்ந்து கிடைக்கும். கிளவுட் வழியாக, அதாவது தூரத்துக் கணினியில் ஓடும் கேமை இணையத்தில் பார்த்து, விளையாடும் வசதி இலங்கைக்குத் திறக்கப்படவில்லை. மாதக் கட்டணத்துக்குப் பல கேம்களைத் தரும் கேம் பாஸ் அல்டிமேட் சந்தாவும் 2025 ஒக்டோபரில் அமெரிக்காவில் மாதம் 29.99 டொலராக ஏறிவிட்டது. விளம்பரத்தில் பெரிதாகப் போடும் இந்த இரண்டையும் உங்கள் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு யோசியுங்கள்.

பற்றரி எத்தனை மணித்தியாலம் நிற்கும்? எங்கள் பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் நின்றால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பவர் பேங்க், சோலார் இவற்றில் சார்ஜ் ஏற்றலாமா?
— வாசகர், மல்லாவி

இதை நீங்களே கணக்குப் பார்த்துவிடலாம். பற்றரியின் வாட் அவரைக் கருவி இழுக்கும் வாட்டால் வகுத்தால் மணித்தியாலம் வரும். சிப்புக்கு நாம் விடும் வாட்டோடு திரை, நினைவகம், வைஃபை, ஃபான் எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னும் 8 முதல் 10 வாட் கூட்டிக்கொள்ள வேண்டும். அலாய் எக்ஸில் மூன்று நிலை உண்டு: சைலன்ட் 13 வாட், பெர்ஃபோமன்ஸ் 17, டேர்போ 25. டேர்போவில் 80ஐ 35ஆல் வகுத்தால் இரண்டேகால் மணித்தியாலம். பெர்ஃபோமன்ஸில் மூன்று. சைலன்டில் மூன்றரை. வால்வ் நிறுவனத்தின் கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக் ஓலெட்டின் பற்றரி 50 வாட் அவர், சிப் அதிகபட்சம் 15 வாட். பெரிய கேமில் இரண்டு மணித்தியாலமும் கொஞ்சமும் வரும், சின்னக் கேமில் ஐந்து ஆறு மணித்தியாலம் தாராளமாக ஓடும்.

நேரத்தைக் கூட்ட முதலில் கை வைக்க வேண்டியது ஃபிரேம் எண்ணிக்கையில், அதாவது ஒரு செக்கனில் திரையில் மாறும் படங்களின் எண்ணிக்கையில். 60க்குப் பதில் 40இல் கட்டிவிடுங்கள். 60இல் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லி செக்கன், 30இல் 33.3. 40இல் 25, சரியாக நடு. 30இன் இழுவை கண்ணுக்குத் தெரியாது, பற்றரியும் கணிசமாக மிஞ்சும். டெக் ஓலெட்டில் 40 என்று வைத்தால் திரையும் தானாக 80 ஹேர்ட்ஸுக்கு மாறிக்கொள்ளும்.

பவர் பேங்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 20,000 எம்.ஏ.எச். என்பது 3.7 வோல்ட் கணக்கு, அதாவது 74 வாட் அவர். மாற்றும்போது போகும் இழப்பைக் கழித்தால் கருவிக்குச் சேர்வது 60 அளவில். டெக்கை ஒருமுறை நிரப்பும், அலாய் எக்ஸை முழுதாக நிரப்பாது. அளவைவிட முக்கியம் வேகம். ஃபோனுக்கென்று விற்கும் 22.5 வாட் பவர் பேங்கைக் குத்தினால் சார்ஜ் அடையாளம் திரையில் வரும், ஆனால் விளையாட விளையாடப் பற்றரி இறங்கிக்கொண்டே போகும். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். டெக்குக்கு ‘15V 3A’, அதாவது 45 வாட், வேண்டும். அலாய் எக்ஸுக்கு ‘20V 3.25A’, அதாவது 65 வாட். கேபிளும் சேர்ந்த விஷயம்தான்: சாதாரண சி-சி கேபிள் 60 வாட்டுக்கு மேல் விடாது, 65க்கு 5 அம்பியர் கேபிள் தேவை. சார்ஜர் சரியாக இருந்தும் ‘மெதுவான சார்ஜர்’ என்று திரை சொன்னால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

சோலார் உள்ள வீட்டில் கவலையே இல்லை. 12 வோல்ட் 100 ஏ.எச். பற்றரியில் பாதியை மட்டும் எடுத்தாலும் 600 வாட் அவர். டெக்கை ஒருமுறை நிரப்ப 60 அளவுதான் போகும். இன்வேர்ட்டர் வழியாகப் போவதைவிட, 12 வோல்ட்டில் நேரே பூட்டும் கார் பி.டி. சார்ஜர் மிச்சம் தரும்.

கிராமத்து லைனின் கடைசியில் வோல்ட் 180க்கு இறங்கினாலும் சார்ஜர் தாங்கும். கருவியைக் கொல்வது, நின்ற கரண்ட் திரும்பி வரும் அந்தக் கணமும் இடியும்தான். சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேர இடி இறங்கும் நாட்களில் சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது, பிளக்கையே கழற்றுங்கள். ரி.வி.யோடு எச்.டி.எம்.ஐ. கேபிளில் பூட்டியிருந்தால் அதையும் கழற்றுங்கள். அன்ரெனா வழியாக ரி.வி.க்குள் வரும் மின்னல் கேபிளால் கருவிக்குள்ளும் போய்விடும்.

ஒரு கேம் 100 ஜீ.பி.க்கு மேல் என்கிறார்கள். 4ஜீ றவுட்டரில் இது நடக்கிற காரியமா?
— வாசகர், ஒட்டுசுட்டான்

நடக்கும், ஆனால் திட்டம் போட வேண்டும். 10 எம்.பி.பி.எஸ். வேகம் என்றால் மணித்தியாலத்துக்கு 4.5 ஜீ.பி. சைபர்பங்க் 2077க்கு 70 ஜீ.பி. இடம் கேட்பார்கள், பதினைந்தரை மணித்தியாலம். போல்டர்ஸ் கேட் 3க்கு 150 ஜீ.பி., முப்பத்துமூன்று மணித்தியாலம். ஸ்டார்டியூ வலி அரை ஜீ.பி. மட்டும், தேத்தண்ணி ஆறுவதற்குள் இறங்கிவிடும்.

இரவு நேரத்துக்குத் தனி அளவு தரும் டேட்டா பக்கேஜ் இருந்தால், வால்வின் இணைய கேம் கடையான ஸ்டீமின் டவுன்லோட் அமைப்பில் தானியங்கிப் புதுப்பிப்பை அந்த நேரத்துக்கு மட்டும் கட்டிவிடுங்கள். இதைச் செய்யாதவர்களின் பகல் டேட்டா, அவர்கள் விளையாடவே இல்லாத கேமின் புதுப்பிப்பில் கரைந்துபோகும். டெக்கில் ஷேடர் முன்சேமிப்பு (கேமின் படத்தை வரைய உதவும் கோப்புகள்) என்று இன்னொன்றும் பின்னால் இறங்கிக்கொண்டிருக்கும். அதை நிறுத்தலாம், ஆனால் கேம் தொடங்கும்போது சற்றுத் திக்கும்.

அதைவிட நல்ல வழி ஒன்று 2023 முதல் ஸ்டீமிலேயே இருக்கிறது. அதே கேமை வாங்கி வைத்திருக்கும் நண்பர் தன் கணினியைக் கொண்டு வந்து உங்கள் றவுட்டரில் இணையட்டும். இருவரும் டவுன்லோட் அமைப்பில், உள்வலையமைப்பு வழியாக கேம் கோப்புகளைப் பரிமாறும் வசதியைத் திறந்து ‘நண்பர்கள்’ என்று வையுங்கள். பிறகு வழமைபோல இன்ஸ்டோல் கொடுத்தால் போதும், ஸ்டீம் நண்பரின் கணினியிலிருந்தே இழுக்கும். 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில் 300 எம்.பி.பி.எஸ். கிடைத்தால் 70 ஜீ.பி. அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். டேட்டா கணக்கில் பெரிதாக ஒன்றும் குறையாது. ஒரு தெருவில் நாலு பேர் சேர்ந்து, ஆளுக்கொரு பெரிய கேமை இறக்கி இப்படி மாற்றிக்கொள்ளலாம். அந்த கேம் ஒவ்வொருவர் கணக்கிலும் வாங்கப்பட்டிருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

வாங்குவதைப் பற்றியும் ஒரு சொல். ஸ்டீமில் இலங்கைக் கணக்குக்கு விலை டொலரில்தான் வரும், ஆனால் தெற்காசியாவுக்கென்று பல கேம்களுக்குக் குறைந்த விலை போட்டிருக்கிறார்கள். லண்டனில் இருக்கும் உறவினரின் கணக்கில் வாங்கினால் அந்தக் குறைப்பு கிடைக்காது. பிடிக்காவிட்டால் 14 நாட்களுக்குள், விளையாடிய நேரம் 2 மணித்தியாலத்தைத் தாண்டாமல் இருந்தால், காசைத் திரும்பக் கேட்கலாம்.

விண்டோஸா, ஸ்டீம் ஓ.எஸ்.ஸா? எங்கள் நண்பர்களுக்குள் இந்த வாதம் முடிவதாயில்லை.
— வாசகர், வவுனியா

ஸ்டீம் ஓ.எஸ். என்பது டெக்கில் வரும் இயங்குதளம், அலாயில் வருவது விண்டோஸ். எந்த கேம் விளையாடுகிறீர்கள் என்பதுதான் தீர்ப்பு. கோல் ஒஃப் டியூட்டி, வாலரன்ட், ஃபோர்ட்நைட் எல்லாம் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் காரணமாக ஸ்டீம் ஓ.எஸ்.ஸில் ஓடாது. ஜி.டி.ஏ. ஒன்லைனும் 2024 செப்டெம்பரில் நின்றுபோனது. இவைதான் உங்கள் கேம்கள் என்றால் விண்டோஸ் கருவிதான் வழி.

தனியாகக் கதை விளையாடுபவருக்கு ஸ்டீம் ஓ.எஸ்.ஸைப் பரிந்துரைப்போம். காரணம் ஒன்றே, பவர் பட்டன். டெக்கில் நடுச்சண்டையில் பட்டனை அமர்த்தினால் அப்படியே உறங்கும், மறுநாள் அமர்த்தினால் அதே இடத்தில் எழும். விண்டோஸ் கருவி உறக்கத்திலேயே பைக்குள் விழித்து, சுட்டு, பற்றரியைத் தின்றுவிட்டிருக்கும். விண்டோஸ்தான் வாங்குகிறீர்கள் என்றால், பவர் பட்டனுக்கு ‘ஸ்லீப்’ வேண்டாம், ‘ஹைபர்னேட்’ என்று மாற்றிவிடுங்கள். எழும்ப அரை நிமிடம் போகும், ஆனால் பற்றரி வைத்த இடத்தில் இருக்கும். அலாய் எக்ஸில் வந்த முழுத்திரை எக்ஸ்பொக்ஸ் முகப்பு டெஸ்க்டொப்பை ஏற்றாமல் விட்டு நினைவகத்தில் 2 ஜீ.பி. வரை மிச்சம் பிடிக்கிறது. அது உண்மையான முன்னேற்றம்தான். அதன் கீழே இருப்பது விண்டோஸ் என்பது மட்டும் மாறவில்லை.

மகன் சாதாரண தரம் எழுதுகிறான். ஃபோனில் ஃப்ரீ ஃபயர் விளையாடுகிறான், இதை வாங்கித் தரச்சொல்லி ஒற்றைக் காலில் நிற்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?
— ஒரு தாய், முள்ளியவளை

அம்மா, அவர் விளையாடுவது ஃபோனுக்குச் செய்த கேம். இந்தக் கருவிகளில் அது நேரே ஓடாது. ஃபோன் கேமைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டர் போட்டு ஓட்டினாலும், கூட விளையாடும் நண்பர்கள் எல்லாரும் ஃபோனில்தான் இருப்பார்கள். ஒரு மாதத்தில் கருவி அலுமாரிக்குள் போய்விடும். உயர்தரத்துக்கு எப்படியும் ஒரு மடிக்கணினி தேவைப்படும். அந்தக் காசில் தனி கிராஃபிக்ஸ் சிப் உள்ள மடிக்கணினி வாங்கினால் படிப்புக்கும் ஆகும், விளையாட்டுக்கும் ஆகும். பரீட்சை முடிந்த பிறகு வாங்குங்கள்.

எங்கள் வீடு கிரவல் வீதியோரம், தகரக் கூரை. சூடும் புழுதியும் கருவியை என்ன செய்யும்?
— வாசகர், விசுவமடு

பின்பக்கத் துளைகளால் காற்றை இழுத்து மேல் விளிம்பால் வெளியே தள்ளுவதுதான் இவற்றின் அமைப்பு. சோழகம் வீசும் மாதங்களில் அந்தக் காற்றோடு கிரவல் தூளும் உள்ளே போகும். ஃபானின் இதழில் செம்மண் படிந்தால் சத்தம் கூடும், பிறகு சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், நேற்று ஓடிய கேம் இன்று திக்கும். தலையணையிலோ மடியிலோ பின்பக்கம் மூடும்படி வைத்து விளையாட வேண்டாம். புழுதிக் காலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூடியைக் கழற்றி மெல்லிய தூரிகையால் துடையுங்கள். காற்று அடித்தால் ஃபானை ஒரு பற்குச்சியால் பிடித்துக்கொண்டு அடியுங்கள். விட்டு அடித்தால் அது கண்மண் தெரியாமல் சுற்றி பேரிங் போய்விடும்.

எப்போதும் செருகியே விளையாடுபவர்கள் சார்ஜை 80 வீதத்தில் கட்டிவிட வேண்டும். அசூஸ் கருவியில் அந்த வசதி உண்டு, ஸ்டீம் ஓ.எஸ்.ஸில் 3.7 பதிப்பிலிருந்து வந்திருக்கிறது. தகரக் கூரையின் கீழ் மதியச் சூட்டில் 100 வீதத்தில் கிடக்கும் பற்றரி சீக்கிரம் வீங்கும். இன்னொரு செய்தி: 2023இல் வந்த முதல் அலாயில், சூடு கூடும்போது எஸ்.டி. கார்ட் ரீடர் பழுதாகலாம் என்று அசூஸே ஒத்துக்கொண்டது. அந்தப் பழைய மொடலை நம் பக்கத்தில் யாரும் இனி வாங்க வேண்டாம்.

புழுதியின் அடுத்த பலி ஸ்டிக். டெக், அலாய், சுவிட்ச் 2 மூன்றிலும் ஸ்டிக் உள்ளே உரசித் தேயும் வகை. தூள் போனால் விடாமலே நகரும். முதலில் அமைப்பில் ‘டெட்சோன்’ (ஸ்டிக்கின் சின்ன அசைவைக் கணக்கில் எடுக்காத எல்லை) அளவைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால், காந்தத்தால் இயங்கும் ஹோல் எஃபெக்ட் ஸ்டிக் டெக்குக்குத் தனியாக விற்கிறார்கள், ஈயம் வைக்காமலே மாற்றலாம். எல்.சி.டி. டெக்கில் ஸ்டிக் பலகை இரண்டு வகை உண்டு, உங்களுடையது எது என்று திறந்து பார்த்த பிறகே ஓடர் கொடுங்கள்.

பாவித்த எல்.சி.டி. ஸ்டீம் டெக் ஒன்று, 64 ஜீ.பி., விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது? சேமிப்பைக் கூட்ட முடியுமா?
— வாசகர், மாங்குளம்

எங்கள் கணக்கில் வன்னிக்கு இதுதான் புத்தியான கொள்முதல். கையில் எடுத்ததும் பக்கவாட்டில் பாருங்கள். முன்மூடிக்கும் பின்மூடிக்கும் இடையில் நகம் நுழையும் இடைவெளி இருந்தால் பற்றரி வீங்கியிருக்கிறது, வைத்துவிட்டு வாருங்கள். டெஸ்க்டொப் நிலையில் கணினித் தகவல் பகுதிக்குள் போனால் பற்றரியின் இப்போதைய கொள்ளளவு தெரியும். புதிதில் 40 வாட் அவர், 32க்குக் கீழே என்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். விற்பவர் முன்னிலையிலேயே அரை மணித்தியாலம் ஒரு பெரிய கேமை ஓட்டிப் பாருங்கள்.

சேமிப்புக்கு 2230 அளவு எம்.2 என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. வாங்குங்கள். நீளமான 2242ஐத் திணிக்க வேண்டாம். முதலில் எஸ்.டி. கார்டைக் கழற்றுங்கள். இதை மறந்து மூடியை நெம்பினால் கார்ட் இரண்டாக முறியும், இந்த வேலையில் அதிகம் நடக்கும் விபத்து அதுதான். சத்தம் கூட்டும் பட்டனையும் பவரையும் சேர்த்து அமர்த்தி, கருவியின் அடிப்படை அமைப்புத் திரையான பயோஸுக்குள் போய், பற்றரியைச் சேமிப்பு நிலைக்கு மாற்றுங்கள். பின்பக்கம் எட்டு ஸ்குரூ, நாலு நீளம், நாலு கட்டை. எது எந்த ஓட்டை என்று கடதாசியில் வரைந்து அதன்மேலேயே குத்தி வையுங்கள். கிற்றார் மீட்டும் பிளாஸ்டிக் துண்டால் மேல் ஓரத்திலிருந்து பிரியுங்கள். உலோகக் கவசத்தில் ஒரு ஸ்குரூ வெள்ளிப் பட்டிக்குக் கீழே ஒளிந்திருக்கும். அதைக் காணாமல் இழுத்தால் கவசம் வளைந்துவிடும். கவசம் கழன்றதும் பற்றரி இணைப்பை நகத்தால் பின்னுக்கு இழுத்து விடுவியுங்கள். பழைய சேமிப்பில் சுற்றியிருக்கும் உலோக உறையைக் கழற்றிப் புதியதில் போட மறக்க வேண்டாம், போடாவிட்டால் வைஃபைக்குக் குழப்பம் வரும். மூடிய பிறகு, மீட்புக் கோப்பு எழுதிய 8 ஜீ.பி. பென் ட்ரைவைச் செருகி, சத்தம் குறைக்கும் பட்டனையும் பவரையும் சேர்த்து அமர்த்தி அதிலிருந்து ஏற்றுங்கள். ஓலெட் மொடலில் ஸ்குரூக்கள் ரி6 நட்சத்திர வகை.

சுவிட்ச் 2 யப்பானில் மலிவாம். அங்கே வேலை செய்யும் மச்சானிடம் சொல்லலாமா?
— வாசகர், பரந்தன்

2025இல் 49,980 யென்னுக்கு வந்த அந்த மலிவுப் பதிப்பில் யப்பானிய மொழி மட்டுமே உண்டு, யப்பான் கணக்கை மட்டுமே ஏற்கும். வேண்டாம். வேறு நாட்டிலிருந்து எடுத்தால் மெமரி கார்ட் ‘மைக்ரோ எஸ்.டி. எக்ஸ்பிரஸ்’ வகைதான் கேமுக்கு ஆகும், ஃபோனின் பழைய கார்ட் ஆகாது. பாவித்தது வாங்கினால் கட்டாயம் இணையத்தில் இணைத்துக் கடையைத் திறந்து பாருங்கள். திருட்டுக் கார்ட் போட்டதற்காக நின்டெண்டோ தடைசெய்த கருவிகளும் சந்தையில் சுற்றுகின்றன.

லண்டன் மாமா பிளேஸ்டேஷன் போர்ட்டல் அனுப்புகிறாராம், நல்லதா?
— வாசகர், முழங்காவில்

பி.எஸ்.5இல் ஓடும் கேமை வைஃபை வழியாகக் காட்டும் திரைதான் அது. வீட்டில் பி.எஸ்.5 இருக்கிறதா? இல்லையென்றால் இங்கே அது வெறும் கண்ணாடி. அனுப்ப முன் சொல்லிவிடுங்கள்.

ஸ்டீம் டெக் 2 வரும்வரை பொறுக்கலாமா?
— வாசகர், நெடுங்கேணி

பற்றரியைத் தின்னாமல் வேகம் பெரிய அளவில் கூடும் சிப் வந்தால்தான் அடுத்த டெக் என்று வால்வ் பலமுறை சொல்லிவிட்டது. அதற்குத் திகதி குறிக்கவில்லை, நாளும் எண்ண வேண்டாம். செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளுவதால் 2025 கடைசியிலிருந்து நினைவகத்தின் விலை ஏறிக்கொண்டு போகிறது. ‘அடுத்த வருடம் மலியும்’ என்ற பழைய கணக்கு இந்த முறை பலிக்காமல் போகலாம். அலாய் எக்ஸ்தான் வேண்டும் என்று முடிவு செய்திருந்தால், இங்கே உத்தரவாதம் தரும் கடை கிடைக்கும் வரை பொறுங்கள். டெக் என்றால், நல்ல நிலையில் பாவித்த ஒன்று கண்ணில் பட்டதும் வாங்கிவிடுங்கள்.